ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம்

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் ஒரு ஆங்கில வாக்கியம் மனப்பாடம். ‘அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் ஒன் டே.’ தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். கடலூரில் நான் பாடம் எடுத்த ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் இதைக் கரும்பலகையில் எழுதி, “இதில் பயனிலை எது?” என்று கேட்டேன். வகுப்பே ஒரே குரலில் “சஃபரிங்” என்றது.

இல்லை, ‘ரிக்வெஸ்ட்’தான். காய்ச்சல் வெறும் காரணம். “காய்ச்சலாக இருப்பதால்” என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள், எதிரில் இருப்பவர் “இருப்பதால்? மேலே சொல்லுங்க” என்பார். ‘அஸ்’ போட்டுத் தொடங்கிய பகுதியும் அப்படித்தான், தனியாக நிற்காது.

அதுவரை நான் விதியைச் சொல்லி, கோடிட்ட இடத்தை நிரப்ப வைத்துக்கொண்டிருந்தவன். மதிப்பெண் வந்தது, சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் ஒன்றும் வரவில்லை. மறுநாளிலிருந்து ஆங்கில வகுப்பின் முதல் பத்து நிமிடம் ஒரே ஒரு வாக்கியத்துக்கு என்று ஒதுக்கினேன். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வினை எங்கே? அது கிடைத்தால் ‘யார்?’ என்று கேள், எழுவாய் வரும். ‘யாரை, எதை?’ என்று கேள், செயப்படுபொருள் இருந்தால் வரும். மிச்சமெல்லாம் எந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்.

கடலோர மீனவ ஊரான தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் நிறைய இருந்த வகுப்பு. அதனால் ஒருநாள் படகை எடுத்துக்கொண்டேன். ‘தி போட்ஸ் தட் லெஃப்ட் அட் ஃபோர் கேம் பேக் எம்ப்டி.’ பாதிப் பேர் ‘லெஃப்ட்’டின் கீழ் கோடு போட்டார்கள். சரி, அப்புறம் ‘கேம்’ எதற்கு? பதில் இல்லை. கீழேயே தமிழில் எழுதினேன்: ‘நாலு மணிக்குப் போன படகுகள் வெறுமனே திரும்பி வந்தன.’ “இதில் ‘போன’ என்பது என்ன?” கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “பெயரெச்சம் சார்.”

அவ்வளவுதான் விஷயம். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் துண்டு ‘தட்’ என்ற கொக்கியை மாட்டிக்கொண்டு பெயருக்குப் பின்னால் வருகிறது. எழுவாய், பயனிலை, எச்சம் எல்லாம் தமிழய்யா ஏற்கெனவே சொல்லிக்கொடுத்தவை. மணி அடித்து ஆங்கில வகுப்பு தொடங்கியதும் பிள்ளைகள் அதை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். அவிழ்க்கச் சொல்லாதது நம் தவறு என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு மொழிகளும் முட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. ‘பூனையை மீன்காரம்மா விரட்டினார்’ என்று தமிழில் எப்படி மாற்றிப் போட்டாலும் ‘ஐ’ உருபு காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களை இடம் மாற்றினால் மீன்காரம்மாவைப் பூனை விரட்ட ஆரம்பித்துவிடும். ‘அவர் டாக்டர்’ என்பது தமிழில் முழு வாக்கியம், வினையே வேண்டாம். அதனால்தான் ‘ஹீ டாக்டர்’ என்று எழுதுகிறார்கள். இதற்குத் திட்ட வேண்டியதில்லை. வினை எங்கே என்று கேட்டால் போதும், எழுதியவனே ‘இஸ்’ஸைச் சேர்த்துவிடுவான்.

இந்த வெட்டிப் பார்க்கும் வித்தை புதிதும் அல்ல. 1877-இல் அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வாக்கியத்தைப் படமாகவே போட்டார்கள். ஒரு படுக்கைக் கோடு; அதை வெட்டும் நிற்கும் கோட்டுக்கு இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் வினை; அடைமொழிகள் கீழே சாய்கோட்டில். படம் வரையப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாக ஏறும். என் வகுப்பில் சிலர் ஸ்கேலைத் தேடுவதிலேயே பத்து நிமிடத்தைக் கழித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி மழை ஒன்றில் ‘இட் இஸ் ரெயினிங்’ வந்தது. வினை கிடைத்தது. ‘யார்?’ என்று கேட்டோம். “‘இட்’ சார்.” ஒரு மாணவி எழுந்தாள். “மழை பெய்யுதுன்னா மழைதான் எழுவாய். இந்த ‘இட்’ யாரு சார்?”

நல்ல கேள்வி. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன். “புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அந்தத் துண்டும்மா இது. எழுவாய் சீட்டை ஆங்கிலம் காலியா விடாது.”

“துண்டு போட்டவர் எப்போ சார் வந்து உட்காருவார்?”

“வரவே மாட்டார். கடைசி ஸ்டாப்பு வரைக்கும் துண்டுதான் போகும்.”

நன்றி, வணக்கம்.