ஈமு கோழியும் மாம்பழ சீசனும்

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவில் எண் பலகை.]

வணக்கம். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே ஊர் தெரிகிற இடம் வந்தால் போதும், வண்டியை ஓரங்கட்டி ஆளாளுக்கு செல்ஃபி எடுப்பார்கள். அங்கேயே மிளகாய் பஜ்ஜி போடும் ஒரு அக்கா மட்டும் பள்ளத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். கேட்டேன். "தெனமும் பாக்கறதுதானே கண்ணு" என்றார்.

மலை அவருக்குப் பழகிவிட்டது. துக்கத்திலிருந்து நம்மை மெல்ல எழுப்பி உட்கார வைப்பதும் இந்தப் பழக்கம்தான். புது பைக்கின் வாசனை போவதற்குள் அடுத்த மாடலைப் பார்க்க வைப்பதும் இதே பழக்கம்தான்.

[காட்சி: பழைய லாட்டரிச் சீட்டு.]

1978இல் உளவியலாளர் ஃபிலிப் பிரிக்மன் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரியில் பெரும்பணம் விழுந்த 22 பேர், எதுவும் விழாத 22 பேர். இரு தரப்பின் மகிழ்ச்சியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பரோடு பேசுவது, ஜோக் கேட்பது, காலைச் சாப்பாடு மாதிரியான சின்ன விஷயங்களில் பரிசுக்காரர்களுக்குக் கிடைத்த சுகம் குறைந்தேபோயிருந்தது.

ஆனால் அது சின்ன ஆய்வு. ஸ்வீடன் நாட்டு லாட்டரிக்காரர்களை வைத்து 2020இல் வெளிவந்த பெரிய ஆய்வில், லாட்டரி விழுந்து 5 முதல் 22 ஆண்டுகள் ஆனவர்களுக்கும் வாழ்க்கை பற்றிய திருப்தி கூடியே இருந்தது. அன்றாட மகிழ்ச்சிதான் அவ்வளவாக மாறவில்லை. எனவே பணத்தால் ஒன்றுமே இல்லை என்று யாராவது மேடையில் முழங்கினால், அவருக்கு ஈஎம்ஐ எல்லாம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: மாம்பழ மண்டி.]

சரி, பழகிப்போவதற்கு மருந்து உண்டா? சேலத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். மல்கோவா, இமாம் பசந்த், குண்டு எல்லாம் சில மாதம்தான் வரும். மீதி நாளெல்லாம் வாய் காய்ந்து கிடப்பதால்தான் முதல் பழத்துக்கு அந்த ருசி. 2013இல் வெளியான ஒரு சோதனையில் சிலரை ஒரு வாரம் சாக்லேட்டே தொடக்கூடாது என்றார்கள், சிலருக்கு வேண்டிய அளவு கொடுத்து அனுப்பினார்கள். மறுபடி வந்து சாப்பிட்டபோது, வாயைக் கட்டியவர்கள்தான் அதிகம் ரசித்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் யாரும் ஆசையை விட்டுவிடவில்லை, கொஞ்சம் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான்.

[காட்சி: வாழப்பாடி பக்கம் ஒரு தோட்டம்.]

பேராசை வேறு மாதிரி வருகிறது. பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து.

2012 வரை சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கமெல்லாம் ஈமு கோழிப் பேச்சுதான். ஆஸ்திரேலியப் பறவை, ஆள் உயரம். கம்பெனியில் டெபாசிட் கட்டினால் குஞ்சும் தீவனமும் தருவார்கள், வளர்க்க மாதாமாதம் பணமும் தருவார்கள். இந்தக் கறியை, எண்ணெயை யார் வாங்குகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கட்டு கீரைக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறவர்கள்தான் இவர்கள்! புதிதாகச் சேர்ந்தவர்களின் பணம் பழையவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2012இல் அது நின்றது. கம்பெனிக்காரர்கள் தலைமறைவானார்கள். பட்டினி கிடந்த பறவைகளுக்குக் கடைசியில் அரசாங்கம் தீவனம் போட வேண்டியிருந்தது.

என் ஒன்றுவிட்ட சித்தப்பாவும் ஆடுகளை விற்றுப் பணம் கட்டியவர். ஏன் கட்டினீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "எனக்கு என்னடா கொறச்சல் இருந்துது? பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஊட்டுக்கு மாசாமாசம் பணம் வருதுன்னு தெரிஞ்ச பொறகுதான் கொறச்சலாத் தெரிஞ்சுது."

அதுவரை அவர் தோட்டத்தில் ஓர் ஆடுகூட குறையவில்லை. அளக்கிற படிதான் மாறியிருந்தது.

[காட்சி: செவ்வாய்ப்பேட்டை, கொலுசு செய்யும் கைகள்.]

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளிப் பட்டறையில் கொலுசு பற்றவைப்பவர் கூலியைக் கூட்டிக் கேட்டால், "போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று முதலாளி சொல்லக் கூடாது. அது தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய பழமொழி. அடுத்தவரிடம் சொன்னால் கஞ்சத்தனம். பற்றவைப்பவர் கேட்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், ஒழுகாத கூரை. எவ்வளவு வந்தால் போதும் என்று கேட்டால் ஒரு தொகை சொல்வார்.

சித்தப்பாவிடமும் அதைக் கேட்டேன். எவ்வளவு வந்திருந்தால் நிறுத்தியிருப்பீர்கள்?

கொஞ்ச நேரம் யோசித்தார். "அத நெனைக்கவே இல்லியே" என்றார். அப்புறம் எழுந்து ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டார்.

[காட்சி: ஈமுவுக்காகப் போட்ட உயரமான கம்பிவேலி. முழுக்க அவரைக்கொடி. கீழே நாலைந்து ஆடுகள்.]