பெண் வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

32 வருடம் ஒரு பெண்கள் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் ஆண்டு வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தே என்ன தமிழ் மாதம் என்று சொல்லிவிடுவேன். ஆடியில் பெஞ்சு நிறைந்திருக்கும். மார்கழியிலும் அப்படித்தான். ஆவணி பிறந்துவிட்டால் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு பேர் குறைவார்கள். தை பிறந்தால் ஐந்தாறு பேர். மறுநாள் வந்து, "வீட்ல விசேஷம் மேடம்" என்பார்கள். என்ன விசேஷம் என்று நான் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்திருப்பார்கள். சில பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சில பிள்ளைகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நோட்டில் வெறுமனே கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். கோடு போட்ட அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பெரியவர்கள் பார்த்து முடிக்கும் திருமணம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அது நல்லதா, காதல் திருமணம் நல்லதா என்று பட்டிமன்றம் நடத்த எனக்கு விருப்பமில்லை. என் திருமணம் வீட்டில் பார்த்தது. என் மகள் தானே தேடிக்கொண்டாள். இரண்டு வீட்டிலும் அடுப்பு ஒழுங்காகத்தான் எரிகிறது. யாராவது திருமணப் பத்திரிகை கொண்டுவந்தால் என் மனதில் ஒரே ஒரு கேள்விதான் எழும். இந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் எனக்கு விளங்கிவிடும்.

இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1972ஆம் வருடம். எனக்கு எட்டு வயது. லால்குடி பக்கம் எங்கள் கிராமம். அப்பாவின் தங்கை, என் அத்தை, ஆசிரியர் பயிற்சி முடித்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவரைப் பெண் பார்க்க வாடகைக் கார் பிடித்து ஏழு பேர் வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் செய்திருந்தார்கள். தட்டு எடுத்துக்கொண்டு போய் வைப்பது என் வேலை. அத்தை வந்து நமஸ்காரம் செய்தார், உட்கார்ந்தார். ஒரு அம்மா பாடச் சொன்னார்கள், பாடினார். பிறகு, கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கெல்லாம் போக வேண்டாம், எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை என்றார்கள். தாத்தா சரி என்று தலையாட்டினார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் கிளம்பினார்கள்.

அந்த வாக்கியம் உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பிறகு எட்டு நாள், பத்து நாள், தபால்காரர் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அப்படியே எழுதமாட்டார்கள். அதற்கென்று நாம் எத்தனை மரியாதையான வார்த்தைகள் வைத்திருக்கிறோம், எண்ணிப் பாருங்கள்! ஜாதகம் பொருந்தவில்லை. கோயிலில் பூப்போட்டுப் பார்த்தோம், உத்தரவு வரவில்லை. கிளம்பும்போது சகுனம் தடுத்துவிட்டது. பையனுக்கு இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று பெரியவர் சொல்கிறார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. கிரகமும் பூவும் பல்லியும் பழியை ஏற்றுக்கொண்டன. இரண்டு வீட்டாரும் நாளைக்கு ஒரே பந்தியில் உட்காரலாம். இந்த நாகரிகத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒரு மறுப்பை மனம் நோகாமல் சொல்ல இத்தனை வழி கண்டுபிடித்தவர்கள் நம் முன்னோர்கள். ஆனால் அத்தனை வழியும் பையன் வீட்டுக்கும் பெண்ணைப் பெற்றவர்களுக்கும்தான். பெண்ணுக்கு அதில் ஒன்றுகூடக் கிடையாது.

அத்தைக்கு வந்த கடிதத்தில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. சம்மதம் என்று அர்த்தம். பாட்டி கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். மறுநாள் தரகர் வந்தார். மஞ்சள் பை, அதில் ஒரு நீள நோட்டு, நூல் போட்டுக் கட்டிய ஜாதகக் கட்டு. தாத்தா வயலில் இருந்தார். திண்ணையில் உட்கார்ந்தவருக்கு அத்தை மோர் கொண்டுபோனார், நான் பின்னாலேயே போனேன். அத்தை சொம்பைக் கீழே வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்: "மாமா, எனக்கு இந்த வேலையை விட முடியாது." அவ்வளவுதான். வேண்டாம் என்ற வார்த்தையைக்கூட அவர் சொல்லவில்லை. தரகர் மோரைக் குடித்து முடிக்கும்வரை பேசவே இல்லை. பிறகு, "போ பாப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நான்கு நாள் கழித்து வந்து தாத்தாவிடம் சொன்னார். பையனுக்குப் பிறந்த நேரம் தப்பாக எழுதியிருக்கிறதாம், சரியான நேரத்துக்குக் கணித்தால் நட்சத்திரம் மாறுகிறதாம், ரஜ்ஜு தட்டுகிறதாம். பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜு தட்டினால் மாங்கல்யத்துக்கு ஆகாது என்பார்கள். தாத்தா அதற்கு மேல் பேசவில்லை. தரகருக்குக் கிடைக்க வேண்டிய கமிஷன் போயிற்று. அவர் எதற்காக அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது. அவருக்கும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள் என்பது மட்டும் தெரியும். அத்தை அடுத்த வருடம், வேலைக்குப் போகலாம் என்று சொன்ன ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். அதுவும் பெரியவர்கள் பார்த்ததுதான், அதே தரகர் கொண்டுவந்ததுதான். தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றார்.

பாருங்கள், சம்பளம் வாங்குகிற ஒரு பெண், தன் மனதில் இருப்பதைச் சொல்ல ஒரு தரகரின் இரக்கத்தையும் ஒரு பொய்ப் பொருத்தத்தையும் நம்பியிருக்க வேண்டியிருந்தது. அந்தத் தரகர் கொஞ்சம் கல்மனசுக்காரராக இருந்திருந்தால்? இந்த "இருந்திருந்தால்" என்னை விட்டுப் போகவே இல்லை.

சரி. இப்படி முன்பின் தெரியாத ஏழு பேர் வந்து பெண் பார்ப்பது ஆதிகாலத்து வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் பல சமூகங்களில் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்றுதான் வழி வழியாக நடந்தது. மாமன் மகன், அத்தை மகன், தாய்மாமன். நல்லதோ கெட்டதோ, பெண்ணுக்கு அவனைச் சிறு வயது முதல் தெரியும். 1955இல் இந்துத் திருமணச் சட்டம் வந்தபோதும், நெருங்கிய உறவில் மணம் கூடாது என்ற விதியிலிருந்து, வழக்கம் இருக்கும் இடத்தில் இந்த உறவுகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். பிறகு வீட்டுக்கு ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று ஆயிற்று. முறைப்பையன் என்று சொல்ல ஆளே குறைந்துபோனது. படிப்பு, டவுனில் வேலை எல்லாம் சேர்ந்து வெளியே தேட வேண்டியதாயிற்று. அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது வரதட்சணை. பையன் வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் போட்ட சமூகங்கள்கூடப் பணம் வாங்கும் பக்கம் மாறின. பரிசம் என்ற சொல் மட்டும் சடங்கில் மிஞ்சியது. 1961இலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. அது நம் வீட்டு வாசல்வரை வந்ததா என்று நீங்களே சொல்லுங்கள்.

வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எங்கிருந்து வருகிறது? படிப்பிலிருந்தும் கையில் இருக்கும் காசிலிருந்தும் வருகிறது. இதை என் வகுப்பில் கண்ணால் பார்த்தேன். 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. ஏழைப் பெண் எட்டாம் வகுப்பு படித்திருந்தால் கல்யாணத்துக்கு 5000 ரூபாய். அந்த நிபந்தனைக்காகவே படிப்பை நிறுத்தாமல் அனுப்பிய வீடுகள் உண்டு. 2022இல் அதே திட்டத்தைப் புதுமைப்பெண் என்று மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் என்று ஆக்கினார்கள். தாலிக்கு என்று கொடுத்த பணம் கல்லூரிக்கு என்று ஆனது. இந்த மாற்றத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். அரசியல் பேசவில்லை, ஒரு ஆசிரியையாகச் சொல்கிறேன்.

கொஞ்ச வருடம் முன்பு என் மாணவி ஒருத்திக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. இடையில் அந்தப் பையன் போனில் பேசிப் பேசி, ஒரு நாள் அவளுடைய போன் பாஸ்வேர்டைக் கேட்டிருக்கிறான். கொடுக்காவிட்டால் சந்தேகப்படுவேன் என்றிருக்கிறான். அவள் அப்பாவிடம் போய் நேராகவே சொன்னாள், "வேண்டாம்ப்பா." அவர் லாரி டிரைவர். ராத்திரி முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில், "அட்வான்ஸ் போனா போகுதும்மா, நீ காலேஜுக்குக் கிளம்பு" என்றாராம். அவள் எனக்கு இதைச் சொன்னபோது என் அத்தையும் அந்த மோர்ச் சொம்பும்தான் கண்ணுக்குள் வந்தது. இவளுக்கு ரஜ்ஜு தேவைப்படவில்லை. ஒரு அப்பா போதுமானதாக இருந்தார்.

எல்லா வீட்டிலும் அப்படி அப்பா இருப்பதில்லை. பெண் வேறு சாதிப் பையனின் பெயரைச் சொல்லிவிட்டால் எத்தனையோ வீடுகள் அந்த நொடியே வேறு வீடாகிவிடுகின்றன. 2011–12இல் நாடு முழுக்க நடந்த இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பில் சாதி மாறிய திருமணம் 100க்கு 5 அளவில்தான். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்கு அருகே, மனைவியின் கண்ணெதிரே ஒரு இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. இதைச் சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்ததே என்று எனக்கு இன்னும் நெஞ்சு எரிகிறது.

இன்னொன்று, மாப்பிள்ளை வீட்டுப் பக்கமும் ஒரு வார்த்தை. இப்போது பையன்களுக்குப் பெண் கிடைக்கவில்லை, விவசாயம் பார்க்கிறவனுக்கு யாரும் கொடுப்பதில்லை என்று புலம்புகிறார்கள். அந்த வருத்தம் உண்மையானது. ஆனால் 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்காக ஆரம்பித்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பெண் குழந்தை வேண்டாம் என்று அன்றைக்குக் கொன்றார்கள், அதைத் தடுக்கத்தான் தொட்டில். அந்தக் காலத்தில் பிறந்த பையன்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று விரல் காட்டுகிறார்கள், மூன்று நிமிடம்தான். சுயமரியாதைத் திருமணம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று குறித்துவைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். 1928இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்ததிலிருந்து ஆரம்பித்தது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. அண்ணா முதலமைச்சர் ஆனதும் 1967இல் சட்டத்தைத் திருத்திச் செல்ல வைத்தார். மணமக்கள் தங்களுக்குப் புரியும் மொழியில், நான் உன்னை ஏற்றுக்கொள்கிறேன் என்று வாயால் சொன்னாலே போதும்; இல்லையென்றால் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், தாலியும் கட்டலாம். எனக்கு அதில் பிடித்தது அந்த "வாயால் சொன்னாலே". பெண் தன் குரலில் ஒரு வார்த்தை சொல்வதற்குச் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஜப்பான். அங்கேயும் நம்மைப் போலத்தான், நடுவில் ஒருவர் நின்று இரண்டு குடும்பத்தையும் சந்திக்க வைப்பார், ஒமியாய் என்று பெயர். பெரும்பாலான திருமணம் அப்படித்தான் நடந்தது. 1960களின் கடைசியில் காதல் திருமணம் அதை முந்தியது. இப்போது ஒமியாய் பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் திருமணம் செய்துகொள்வதே குறைந்துபோய், 2024இல் டோக்கியோ மாநகர அரசே துணை தேடித்தரும் செயலியைத் தொடங்கியது. இதைப் பற்றி இன்னும் நிறைய... விரலை மடக்கிவிட்டார்கள். அத்தை இந்நேரம் லால்குடியில் ரேடியோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அத்தை, உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் சொன்னேன். நேயர்களே, வணக்கம்.