உள்ளூர் மாடும் ஆறு மணி ஷிப்டும்

விழாத் தலைவர் ஹாஜியார் அவர்களே, தொழில் மையத்திலிருந்து வெயிலைப் பார்க்காமல் வந்திருக்கும் அதிகாரி அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, "ரெண்டே வார்த்தை" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசிய வணிகர் சங்கச் செயலாளர் அண்ணாச்சி அவர்களே, பொன்னாடை போர்த்திய இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தனியார் கம்பெனிகளில் உள்ளூர்க்காரருக்கு ஒதுக்கீடு வேண்டுமா என்பது தலைப்பு. மூன்று விஷயம் சொல்கிறேன்: வளைகுடா, சட்டம், நம்ம படிப்பு.

உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். செவ்வாய்க்கிழமை கால்நடைச் சந்தை கூடுகிற நம்ம நெல்லை மேலப்பாளையத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சவூதியில் 2011-இல் நிதாகத் என்று உள்நாட்டவருக்கு வேலை ஒதுக்கும் திட்டம் வந்தது. கம்பெனியில் சவூதிக்காரர் எத்தனை பேர் என்று பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் கொடுத்தார்கள். சிவப்பில் விழுந்தால் புது விசா கிடையாது, இகாமா என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பதும் சிக்கல். 2016-இல் மொபைல் கடைகளில் விற்பனை, ரிப்பேர் எல்லாமே சவூதிக்காரருக்குத்தான் என்று உத்தரவு போட்டார்கள்.

எங்கள் தெரு பாய் ஒருவர் அப்போது தம்மாமில் மொபைல் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். கபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, ஒரு சவூதிப் பையனைக் கொண்டுவந்து கல்லாவில் உட்கார வைத்தான். பையனுக்கு ஸ்க்ரூ டிரைவரில் எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. பாய் பின்னறையில் ஒளிந்து ரிப்பேர் பார்ப்பார், பையன் முன்னால் கொடுப்பான். பேர் அவனுக்கு! சோதனைக்கு ஆள் வந்தால் பாய் பின்வாசல் வழியாகப் போய் பக்கத்து டீக்கடையில் சுலைமானி குடிப்பார். கடைசியில் டீ செலவு கட்டுப்படியாகவில்லை, ஊருக்கு வந்துவிட்டார்.

சரி, இங்கே வந்தாரா? மகன் டிப்ளமோ முடித்து ஒரு தொழிற்சாலைக்கு இன்டர்வியூ போனான். "எந்த ஊரு தம்பி?" "மேலப்பாளையம் சார்." "லோக்கலா? அப்போ வேண்டாம்பா, கல்யாணம், காதுகுத்துன்னு லீவு போடுவீங்க." வாப்பாவுக்கு வெளியூர் என்று வேலை போனது, மகனுக்கு உள்ளூர் என்று வேலை கிடைக்கவில்லை. உள்ளூர் மாடு விலை போகாது என்று நான் சும்மாவா சொல்கிறேன்?

அடுத்தது சட்டம். ஹரியானாவில் 30,000 ரூபாய் வரை சம்பளமுள்ள தனியார் வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரருக்கே என்று சட்டம் போட்டார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024 ஜூலையில் கர்நாடகம் இதே மாதிரி ஒரு மசோதாவைக் கையில் எடுத்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே கீழே வைத்தது. இங்கேயும் 2021 தேர்தலில் 75 சதவீத வாக்குறுதி காதில் விழுந்தது. அதிகாரி முகம் மாறுகிறது, அரசியல் பேசவில்லை ஐயா.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். படிப்பைப் பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன்.

ஆனால் பஸ்ஸைப் பேசாமல் இறங்க மாட்டேன். நாளைக்கே ஒதுக்கீடு வருகிறது என்று வையுங்கள். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஆறு மணி ஷிப்டுக்கு நம்ம பெண்பிள்ளை எதில் போவாள்? பெரிய ஆலைகள் சொந்த பஸ் விடுகின்றன. சின்னப் பட்டறைக்காரர் பஸ்ஸுக்கு எங்கே போவார்? டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் அந்நேரத்துக்கு பஸ் வேண்டுமே! வெளி மாநிலப் பையன் பட்டறைப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்குகிறான், கூப்பிட்டால் வந்து நிற்கிறான். உள்ளூர் மாடு விலை போகாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

விடிகாலை ஐந்து மணிக்கு இங்கிருந்து கங்கைகொண்டானுக்கு ஒரு பஸ், இரவு ஷிப்டு விட்டதும் திரும்ப ஒரு பஸ். மனு மேடைக்குக் கீழே மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். பிரியாணிக்குப் போகிற வழிதான், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்தை ஹாஜியார் போடுகிறார்.