முனை மழுங்காத தூசி
(ஹட்டனில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மகாவலி ஆற்றோரத்து மணலில் ஒரு பிடியையும், கல்லுடைக்கும் இயந்திரத்தின் அடியில் கிடக்கும் தூளில் ஒரு பிடியையும் விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தவர்களுக்கு, நிலவிலும் செவ்வாயிலும் ஓடும் ஊர்திகளைத் தூசி என்ன செய்கிறது என்பது பற்றி நான் சொல்ல வந்ததில் பாதி ஏற்கெனவே தெரியும். ஆற்று மணல் நீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. கல் தூளோ உடைந்தபோது இருந்த கூர்மையோடு அப்படியே கிடக்கிறது. நிலவில் நீரும் இல்லை, காற்றும் இல்லை. நுண்விண்கற்கள் மோதி நொறுக்கிய பாறைத் துகள்களும், அந்த வெப்பத்தில் உருகி இறுகிய கண்ணாடித் துணுக்குகளும் மழுங்க வழியின்றிக் கிடக்கின்றன. சூரியனின் புறஊதாக் கதிர்கள் அவற்றுக்கு மின்னேற்றமும் தருவதால், பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன, துடைத்தால் கீறுகின்றன.

1972 டிசம்பரில், அப்பலோ 17 பயணத்தின்போது, விண்வெளி வீரர் யூஜின் செர்னானின் உடையிலிருந்த சுத்தியல் பட்டு நிலவூர்தியின் பின்சக்கர மட்காட்டின் ஒரு பகுதி உடைந்துபோனது. காற்றின் தடையும் இல்லாமல், ஈர்ப்பும் பூமியில் உள்ளதில் ஆறிலொரு பங்காக இருக்கும் இடத்தில், சக்கரம் வாரியெறிந்த தூசி உயரே வளைந்து சென்று ஊர்தியில் இருந்த இருவர் மீதும் மழையாகக் கொட்டியது. அவர்கள் நான்கு நிலப்படங்களை ஒட்டுநாடாவால் இணைத்து, விளக்கொன்றின் கவ்விகளால் பொருத்தி மட்காட் செய்துகொண்டார்கள். எங்கள் தோட்டத்து மெக்கானிக் யாராவது பார்த்திருந்தால், அவர்களைத் தம் ஆட்கள் என்றே சொல்லியிருப்பார்.

இதில் உண்மையான அச்சம் அழுக்கு அல்ல, வெப்பமே. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குள் தூள் சலிக்கும் இடத்தில் மோட்டார் மீது தேயிலைத் தூசு படிந்தால் அது சூடேறும் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். அங்கேயாவது காற்று உண்டு. நிலவில் வெப்பத்தைக் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற்ற முடியும். அதற்கான பரப்பைத் தூசி மூடிவிட்டால் வேறு வழியில்லை. 1973இல் சோவியத் ஒன்றியத்தின் ஆளில்லா நிலவூர்தி லூனகோட் 2, ஏறத்தாழ 39 கிலோமீற்றர் ஓடியபின், திறந்திருந்த அதன் மூடி ஒரு பள்ளத்தின் சரிவில் உரசி மண்ணை அள்ளிக்கொண்டதாகவும், மூடியபோது அந்த மண் வெப்பத்தை வெளியேற்றும் பரப்பின் மேல் கொட்டியதாகவும் கூறப்படுகிறது. ஊர்தி சூடேறிச் செயலிழந்தது.

செவ்வாயின் கதை வேறு. அங்கே காற்று வீசுவதால் துகள்கள் ஓரளவு மழுங்கியவை. ஆனால் மிக நுண்ணியவை. 90 நாட்களுக்கென அனுப்பப்பட்ட ஒப்பொச்சூனிட்டி ஊர்தி, சுழல்காற்று அவ்வப்போது அதன் சூரியத் தகடுகளைத் துடைத்துவிட்டதால் 14 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 2018 ஜூனில் வானை மறைத்த பெரும் தூசிப் புயலில் மௌனமானது. செவ்வாயின் இன்னோர் ஊர்தியான கியூரியோசிட்டியின் சக்கரங்களில் விழுந்த ஓட்டைகளைப் பலர் தூசியின் கணக்கில் எழுதுகிறார்கள். அது கூரிய பாறைகளின் வேலை.

கண்ணாடியிலும் தகட்டிலும் படிந்த தூசியை, உள்ளே பதித்த மின்கம்பிகளில் மாறும் மின்புலத்தை ஓடவிட்டு உதறித் தள்ளும் முறை 2025இல் நிலவிலேயே சோதிக்கப்பட்டது. என் கணிப்பில் அது எளிய பாதிதான். சக்கர அச்சின் பெயாரிங்குக்குள் ஒருமுறை புகுந்துவிட்ட துகளை எந்த மின்புலமும் வெளியே கொண்டுவராது; அதைத் தடுக்க வேண்டியது விளிம்பிலுள்ள சீல் என்னும் அடைப்பு வளையம் ஒன்றே, அந்தத் துகள் முதலில் அராவுவதும் அதைத்தான்.