ஒரு மானிட்டரில் படம், இன்னொன்றில் கறுப்பு: குற்றவாளி யார்?

வணக்கம். வீடியோ முதல் மானிட்டரில் ஜம்மென்று ஓடுகிறது. அதே விண்டோவை இழுத்து இரண்டாவது மானிட்டரில் விட்டால் கறுப்பு. சத்தம் மட்டும் கேட்கிறது. உடனே பிளேயரை அழித்துவிட்டு கோடெக் (சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டும் மென்பொருள்) தேடக் கிளம்பாதீர்கள். ஃபைல் கெட்டிருந்தால் இரண்டிலும்தான் ஓடாது. படம் திரைக்குப் போகிற வழியில்தான் கோளாறு.

[திரையில்: கணினியின் பின்பக்கம்]

முதலில் பின்னால் எட்டிப் பாருங்கள். ஒரு கேபிள் கிராபிக்ஸ் கார்டிலும் இன்னொன்று மதர்போர்டிலும் இருந்தால், இரண்டையும் கார்டுக்கே மாற்றுங்கள். பல பேருக்கு வீடியோ இங்கேயே முடிந்துவிடும், லைக் போட்டுவிட்டுப் போகலாம்.

உங்கள் சொந்த ஃபைல் ஓடுகிறது, காசு கட்டிப் பார்க்கிற படம் மட்டும் கறுப்பா? அது எச்.டி.சி.பி. இன்டெல் உருவாக்கிய திருட்டுத் தடுப்பு முறை. பழைய வி.ஜி.ஏ இணைப்பில் அது வேலை செய்யாது. எந்த செட்டிங்கைத் தட்டினாலும் பயனில்லை, இணைப்பைத்தான் மாற்ற வேண்டும். காசு கொடுத்தவனுக்குக் கறுப்புத் திரை, திருடிப் பார்ப்பவனுக்குப் பளிச்சென்று படம்! நல்ல நியாயம்.

சரி, எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பல பிளேயர்கள் தங்கள் விண்டோவுக்குள் வீடியோவை வரையவே இல்லை தெரியுமா? சினிமாவில் நடிகருக்குப் பின்னால் பச்சைத் துணி கட்டுகிற மாதிரி, பிளேயர் அந்த இடத்தில் ஒரே ஒரு நிறத்தை அப்பிவிடும். சிலவற்றில் ஊதா, சிலவற்றில் கறுப்பு போலத் தெரியும் ஒரு நிறம். திரையில் அந்த இடத்தில் அந்த நிறம் எங்கே தெரிந்தாலும் கிராபிக்ஸ் கார்டு வீடியோவை அதன்மேல் நிரப்பும். இதற்கு ஓவர்லே என்று பெயர்.

இதில் ஒரு கூத்து உண்டு. வீடியோ ஓடும்போது பிரின்ட் ஸ்கிரீன் அழுத்தி பெயிண்டில் ஒட்டினால் வெறும் நிறம்தான் பதிவாகியிருக்கும். ஆனால் அந்தப் பெயிண்டை பிளேயர் இருந்த இடத்துக்கு மேலே நகர்த்துங்கள், பெயிண்டுக்குள்ளேயே படம் ஓடும்! கார்டுக்கு நிறம் மட்டும்தான் தெரியும், அது பிளேயரா பெயிண்டா என்று தெரியாது. கமென்டில் சொல்லுங்கள், இதைப் பார்த்து மிரண்டவர்கள் எத்தனை பேர்?

பல கார்டுகளில் இந்த ஓவர்லே ஒன்றே ஒன்றுதான். அது ஒரு மானிட்டரோடு கட்டப்பட்டிருக்கும், பெரும்பாலும் பிரைமரி, அதாவது முதன்மை மானிட்டர். விண்டோ அடுத்த மானிட்டருக்குப் போனால் வெறும் நிறம் மட்டும் மிஞ்சும். 2007-ல் விஸ்டா வந்த பிறகு எல்லா விண்டோவையும் சேர்த்து வரைகிற முறை வந்தது, அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது.

ஆனால் ஓவர்லே சாகவில்லை. மின்சாரம் மிச்சம் என்று புதிய விண்டோஸ் அதையே நவீன வடிவில், மல்ட்டிபிளேன் ஓவர்லே என்ற பெயரில் பயன்படுத்துகிறது. டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், சரியில்லை என்றால் மினுக்கல், கறுப்புத் திரை எல்லாம் திரும்ப வரும். பிரவுசர் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை (வீடியோ வேலையை கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கும் வசதி) அணைத்து, பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள். படம் வந்துவிட்டதா? அப்படியே விட்டுவிடாதீர்கள், வீடியோ பாரம் முழுக்க பிராசஸர் தலையில் விழும். டிரைவரைப் புதுப்பித்துவிட்டு ஆக்சிலரேஷனை மறுபடி போடுங்கள்.

அப்புறம், படம் வருகிறது ஆனால் தத்தித் தத்தி ஓடுகிறது என்பவர்களுக்கு. ஒரு மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்), இன்னொன்று 60 ஹெர்ட்ஸ் என்றால் விண்டோஸ் 10-இன் பழைய பதிப்புகள் தடுமாறும். 2020-இல் வந்த ‘2004’ என்ற எண் கொண்ட பதிப்பில் (அது ஆண்டு அல்ல) இது பெரிதும் சரியானது. அப்டேட் செய்த பிறகும் தத்தினால் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் 144-ஐ 120 ஆக்கிப் பாருங்கள். 60-ஐ அப்படியே இரண்டால் பெருக்கினால் 120, கணக்கு ஒத்துப்போகும். சினிமாவின் நொடிக்கு 24 ஃபிரேமும் அதில் மிச்சமில்லாமல் வகுபடும். 60-இல் வகுபடாது, அதனால் ஒரு ஃபிரேம் 3 முறை, அடுத்தது 2 முறை என்று நொண்டும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் கவனியுங்கள், ஒருமுறை கண்ணில் பட்டால் பிறகு விடாது. மன்னிக்கவும்!

எல்லாம் பார்த்தும் கறுப்புதானா? விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு நொடி அணைந்து வரும், கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியவில்லை என்றால் இரண்டு மானிட்டரின் கேபிளையும் மானிட்டர் பக்கத்தில் மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள். கறுப்பு கேபிளோடு நகர்ந்தால் கேபிள் அல்லது போர்ட், மானிட்டரிலேயே நின்றால் மானிட்டர். எது என்று கமென்டில் எழுதுங்கள், கேபிள் வகையையும் மறக்காமல் போடுங்கள்.