பார்க்கின்சன் மருந்து அடுத்த வேளைக்கு முன்பே இறங்கிவிடுகிறதா?

அனைவருக்கும் வணக்கம். பார்க்கின்சன் நோயுள்ள பெரியவர்களை வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "மாத்திரை போட்டதும் நன்றாக நடமாடுகிறார், பதினொரு மணிக்கெல்லாம் மருந்தின் பலன் இறங்கிவிடுகிறது, அளவைக் கூட்டிவிடலாமா?" கூட்டுவதற்கு முன்பு கடிகாரத்தைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. நான் மருத்துவர் அல்ல. அப்பாவுக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மகள். ஆகவே இதைக் கேட்டுவிட்டு நீங்களாக மருந்தை மாற்றாதீர்கள், உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் பேசுங்கள்.

சின்டோபா போன்ற மாத்திரைகளில் லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்திருக்கின்றன. மூளைக்குள் போய், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளாக மாறுவது லெவோடோபா. அது வழியிலேயே மாறி வீணாகாமல் தடுப்பது கார்பிடோபா. இரத்தத்தில் இருக்கும் லெவோடோபாவில் பாதி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அப்படியிருந்தும் தொடக்க ஆண்டுகளில் மூன்று வேளை மாத்திரை நாள் முழுவதும் தாங்குகிறது என்றால், மிச்சமிருக்கும் நரம்பணுக்கள் டோபமைனைச் சேர்த்துவைத்து மெல்ல மெல்லத் தருகின்றன என்று பொருள். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் வீட்டில் மோட்டார் நின்ற பிறகும் குழாயில் தண்ணீர் வருமல்லவா, அதுபோலத்தான். நோய் முற்ற முற்ற அந்தத் தொட்டி சுருங்கிவிடுவதால், மோட்டார் ஓடும்வரைதான் தண்ணீர். மாத்திரை பழகிப்போய் வேலை செய்யாமல் போய்விட்டது என்று பலர் நினைப்பது தவறு; மாத்திரை வேலை செய்கிறது, அதன் பலன் நீடிக்கும் நேரம்தான் குறைந்திருக்கிறது.

மருந்து இறங்குவதை நடுக்கத்தை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அப்பா நாளிதழை உரக்கப் படிக்கும் வழக்கமுள்ளவர், மருந்து இறங்கத் தொடங்கினால் அவருடைய குரல் வரிக்கு வரி தேயும், கழுத்துப் பட்டையில் வியர்வை அரும்பும், "கொல்லைக் கதவைப் பூட்டினாயா அம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார், அதற்கும் பிறகுதான் கை நடுங்கும். அடுத்த மாத்திரை ஏறிவிட்டால் கதவைப் பற்றிய பேச்சே இருக்காது. பதற்றம், மனச்சோர்வு, வலி, அடிக்கடி சிறுநீர் முட்டுவது ஆகியவையும், விடியற்காலையில் கால்விரல்கள் வலியோடு மடங்கிக்கொண்டு செருப்புக்குள் நுழைய மறுப்பதும்கூட மருந்து இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். வயதானால் இப்படித்தான் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஒரு தாளில் அரை மணிக்கு ஒரு கட்டம் வரைந்து, மருந்து பிடித்திருந்த நேரம், இறங்கியிருந்த நேரம், உடல் தானாக நெளிந்த நேரம், தூங்கிய நேரம் என்று குறியுங்கள். மாத்திரை போட்ட நேரத்தையும் உணவு உண்ட நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நெளிவைத் தனியாகக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது பெரும்பாலும் மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருவது. அதை நடுக்கம் என்று எண்ணி மாத்திரையைக் கூட்டினால் இன்னும் அதிகமாகிவிடும். "சில நேரம் முடியவில்லை டாக்டர்" என்று நாம் சொல்வதைக் கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் தாளைப் பார்த்த மருத்துவர், நாள் முழுவதற்குமான மொத்த அளவை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு, வேளைகளின் எண்ணிக்கையைக் கூட்டி இடைவெளியைக் குறைத்தார்.

மதிய மாத்திரை மட்டும் வேலை செய்யவில்லை என்றால் சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். லெவோடோபா சிறுகுடலின் மேற்பகுதியில் உறிஞ்சப்படும்போதும், மூளைக்குள் நுழையும்போதும், புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களோடு ஒரே வாசலுக்குப் போட்டியிடுகிறது. சாம்பார், தயிர், முட்டை எல்லாவற்றையும் உண்டு முடித்து, பால் காபியோடு மாத்திரையை விழுங்கினால் அது ஏறத் தாமதமாகும், சில நாட்களில் ஏறாமலே போகும். உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ, தண்ணீரில் விழுங்குவது நல்லது. வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட் போதும். இந்தத் தொல்லை தெளிவாகத் தெரிந்தால் புரதத்தின் பெரும்பகுதியை இரவுக்கு மாற்றலாம்; ஆனால் பருப்பையே நிறுத்திவிட்டு ஆளை இளைக்க வைக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையைச் சில மணி நேரம் தள்ளிக் கொடுங்கள், மலச்சிக்கலைக் கவனியுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது.

இவற்றுக்குப் பிறகும் இடைவெளி நிரம்பாவிட்டால் மருத்துவர் துணை மருந்து சேர்ப்பார். என்டகாபோன் ஒவ்வொரு லெவோடோபா வேளையோடும் தரப்படுவது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அதற்காகப் பயப்பட வேண்டாம். ரசாஜிலின் நாளுக்கு ஒருமுறை. அதைப் போடுபவர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் மருந்தையோ, டிராமடால் வலி மாத்திரையையோ எடுக்கக் கூடாது. பிரமிபெக்சோல், ரோபினிரோல் வகை மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத ஆசைகளைக் கிளப்பும். அதுவரை சிக்கனமாக இருந்தவர் திடீரென்று ஆன்லைன் ரம்மியில் பணத்தைக் கொட்டினால், திட்டுவதற்கு முன் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அபோமார்பின் ஊசி, மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை ஆகியவை அதற்கும் அடுத்த கட்டம்.

பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். அந்த விதையில் லெவோடோபா உண்மையிலேயே இருக்கிறது, அதுவேதான் சிக்கல்; எந்தக் கடைப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மாத்திரையின் மேல் அதையும் சேர்த்தால் கணக்கு முழுவதும் குழம்பிவிடும். மருத்துவருக்குத் தெரியாமல் கொடுப்பதை நான் ஏற்கவில்லை.

வேறு எந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்த்தாலும் மாத்திரைகளையும் அவற்றின் நேர அட்டவணையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். வார்டில் மருந்து கொடுக்கும் நேரம் உங்கள் நேரமாக இருக்காது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், சாப்பிடக் கூடாது என்று சொல்லும் நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு ஊசி போடக் கூடாது என்பதை அட்டவணையின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.