ஆர்ச்சி ரோச்: கைதட்ட மறந்த அரங்கம்

(திரையில்: மெல்போர்ன் நகரம், 1989)

ஆஸ்திரேலியப் பாடகர் பால் கெல்லியோட கச்சேரி. கூட்டம் மொத்தமும் அவருக்காக வந்தது. அவருக்கு முன்னாடி, கையில கிடாரோட கூச்சமா ஒருத்தர் மேடையேறி ரெண்டு பாட்டு பாடினாரு. முடிச்சதும் ஒரு கைதட்டல் இல்ல. பிடிக்கலபோலன்னு அவர் திரும்பி நடக்க ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம்தான் அங்கொண்ணு இங்கொண்ணுன்னு தட்டி, அரங்கமே அதிர்ந்துச்சு.

அவர்தான் ஆர்ச்சி ரோச். பாட்டு, 'டுக் தி சில்ட்ரன் அவே'. பிள்ளைகளைப் பறிச்சுட்டுப் போன கதை. அவரோட சொந்தக் கதை.

(திரையில்: விக்டோரியா மாநில வரைபடம், ஃபிராம்லிங்ஹாம்)

பிறந்தது 1956. அப்போ ஆஸ்திரேலியாவுல பூர்வகுடிப் பிள்ளைகளை அப்பா அம்மாகிட்ட இருந்து பிரிச்சு, விடுதியிலயும் வெள்ளைக்காரக் குடும்பத்துலயும் வளர்க்கிறது அரசாங்கக் கொள்கை. 1910-லிருந்து 1970 வரைக்கும், பத்துல ஒண்ணுலிருந்து மூணுல ஒண்ணு வரைக்கும் பிள்ளைகள் இப்படிப் போயிருக்கலாம்னு 1997-ல வந்த விசாரணை அறிக்கையே சொல்லுது. ஃபிராம்லிங்ஹாம்லேருந்து ஆர்ச்சியைத் தூக்கிட்டுப் போனப்போ ரெண்டு மூணு வயசு. 'உன் குடும்பம் தீ விபத்துல செத்துப்போச்சு'ன்னு சொல்லி வச்சிருந்தாங்க.

கடைசியா வளர்த்த குடும்பம் நல்ல குடும்பம். ஸ்காட்லாந்திலிருந்து வந்தவங்க. அந்த வீட்டுலதான் இசையே ஒட்டிக்கிச்சு. ஆனா 15 வயசு வாக்குல, பள்ளிக்கூட ஒலிபெருக்கியில அவரோட முழுப்பேரைக் கூப்பிட்டாங்க. அவருக்கு ஒரு கடிதம். எழுதினது கூடப்பிறந்த அக்கா. 'அம்மா இறந்துட்டாங்க.' செத்துட்டதா நம்பியிருந்த அம்மா அதுவரைக்கும் உயிரோட இருந்திருக்காங்க! கொஞ்ச நாள்ல கிடாரை எடுத்துட்டு வீட்டை விட்டே கிளம்பிட்டாரு.

அதுக்கப்புறம் தெரு, குடி, ஊர் ஊரா அலைச்சல். அடிலெய்டுல ரூபி ஹண்டரைச் சந்திச்சாரு. அவங்களும் பறிக்கப்பட்ட பிள்ளைதான், அவங்களும் பாடகி. ரெண்டு பேரும் பிள்ளைகளுக்காகக் குடியை விட்டாங்க.

(திரையில்: 'சார்கோல் லேன்' ஆல்பம் அட்டை)

1990-ல முதல் ஆல்பம். மறுவருஷம் ரெண்டு ஏரியா (ARIA) விருது, அதாவது ஆஸ்திரேலியாவோட இசை விருது, கூடவே அந்த ஒரு பாட்டுக்காக மனித உரிமை விருது. அரசாங்கம் நாடாளுமன்றத்துல மன்னிப்புக் கேட்டது 2008-ல. ஆல்பம் வந்து பதினெட்டு வருஷம் கழிச்சு!

2010-ல ரூபி இறந்தாங்க. அதே வருஷம் அவருக்குப் பக்கவாதம், அடுத்து நுரையீரல் புற்றுநோய். 2020-ல ஏரியா கௌரவப் பட்டியல்ல பேர் சேர்ந்தப்போ, மூக்குல ஆக்சிஜன் குழாயோட உட்கார்ந்து பாடினாரு. 2022 ஜூலை 30-ல காலமானாரு. பல பூர்வகுடிச் சமூகங்கள்ல இறந்தவங்க பேரையோ படத்தையோ வெளியிடுறதில்ல. அவர் பேரும் படமும் தொடர்ந்து வெளியாகட்டும்னு குடும்பமே அனுமதி கொடுத்ததாலதான் இந்த வீடியோவுல காட்டுறோம்.

புதுசா கேட்கிறவங்க 'சார்கோல் லேன்'ல தொடங்குங்க. 2020-ல அதே பாட்டுகளை வீட்டுச் சமையலறை மேசையில உட்கார்ந்து திரும்பப் பதிவு பண்ணியிருக்காரு. எனக்கு அந்தக் கிழட்டுக் குரல்தான் ஒசத்தி.